முப்பத்தேழாவது கேள்வி

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் அந்த மாத்திரை வாங்க ராஜபாளையம் போவார்கள். ராஜபாளையத்துக்காரர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் வருவார்கள். நடுவில் அரைமணி நேரப் பஸ் பயணம்தான். சொந்த ஊரில் வாங்கினால் தெரிந்த முகம் எதிரே வந்துவிடும் என்று பயந்து ஆளாளுக்குப் பஸ் ஏறுகிறோம். எதிரெதிரே கடந்து போகிற இரண்டு பஸ்களிலும் எங்கள் ஆட்கள் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குச் சில மாதம் சிரிப்பு வரும், சில மாதம் எரிச்சல் வரும்.

அந்த மாத்திரை என்றால் எச்.ஐ.வி. மாத்திரை. நான் பதினோரு வருஷமாகத் தின்கிறேன். என் கணவர் எனக்கென்று விட்டுப்போன சொத்து அது ஒன்றுதான். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். திட்டித் தீர்க்கக்கூட எனக்கு ஆள் இல்லை.

ராஜபாளையத்தில் மாத்திரை கொடுக்கிற ஜன்னலுக்கு எதிரே ஒரு சிமென்ட் பெஞ்சு இருக்கிறது. மாதம் ஒரு நாள், அவரவருக்குக் குறித்துத் தந்த தேதியில், நம்பர் கூப்பிடும்வரை அதில் உட்கார்ந்திருப்போம். அங்கே எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. பெஞ்சில் பார்த்த முகத்தை வெளியே பார்த்தால் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளக் கூடாது. பெயர் கேட்கக் கூடாது, ஊர் கேட்கக் கூடாது. கல்யாணப் பந்தியில் எதிரெதிரே உட்கார நேர்ந்தாலும் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விட வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. முதல் மாதமே எல்லோருக்கும் புரிந்துவிடும்.

நாலு வருஷமாக அந்தப் பெஞ்சில் ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே தேதி. வயது இருபத்தெட்டு இருக்கும், ஒல்லி. மடியில் எப்போதும் ஒரு மஞ்சள் பை. அதிலிருந்து வறுத்த கடலையை எடுத்து, கேட்காமலேயே என் கையிலும் கொஞ்சம் கொட்டுவாள். வெயில், பஸ் கூட்டம், மாத்திரை போட்டால் வருகிற தலைசுற்றல் என்று பேசுவோம். அவள் புருஷன் ரோட்டில் அடிபட்டுச் செத்ததும், அப்போது அவள் ஐந்து மாதம் என்பதும் ஒரு நாள் பேச்சுவாக்கில் வந்தது. பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டாளாம். நோய் விஷயம் அங்கே ஒருவருக்கும் தெரியாதாம். எனக்கும் அப்படித்தான் என்றேன்.

பெண் குழந்தை பிறந்தது. பால் வழியாக நோய் போய்விடக் கூடாது என்று ஒரு வேளை தவறாமல் மாத்திரை தின்றாள், குழந்தைக்குச் சொன்ன மருந்தையெல்லாம் ஒளித்து ஒளித்துக் கொடுத்தாள். ஒரு வருஷம் கழித்து எடுத்த சோதனையில் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. அன்றைக்கு அந்த மஞ்சள் பையிலிருந்து கடலை வரவில்லை, கால் கிலோ பால்கோவா வந்தது.

"வேற யாருக்குக்கா குடுப்பேன்?" என்றாள்.

வீட்டுக்குக் கொண்டுபோனால் என்ன விசேஷம் என்று கேட்பார்கள் என்பதால் மொத்தப் பொட்டலத்தையும் நாங்கள் இருவருமே தின்று தீர்த்தோம். எனக்கு அன்று முழுவதும் வயிறு சரியில்லை. ஆனாலும் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

அடுத்த மாதம் வந்தபோது, வேப்பெண்ணெய் தடவிக் குழந்தைக்குப் பாலை நிறுத்திவிட்டதாகச் சொன்னாள். அதற்கடுத்த மாதம் அவள் வரவில்லை. அதற்கும் அடுத்த மாதமும் இல்லை. விசாரிக்க எனக்குப் பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. மாதாமாதம் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டே உட்கார்ந்தேன். ஏழு மாதம் ஓடிவிட்டது.

என் பிழைப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் எனக்கு வேலை. நர்ஸ் இல்லை. கடுமையான நிமோனியாவோடு வருகிற கைக்குழந்தைகளைப் பற்றியும், அவர்களுடைய தாய்மாருக்கு எச்.ஐ.வி. பற்றி என்ன தெரியும் என்பதைப் பற்றியும் ஒரு ஆராய்ச்சி நடக்கிறது. அதற்குக் கேள்வி கேட்டு எழுதுகிற ஆள் நான். இந்த நோய் உள்ளவர்களுக்கு முன்னுரிமை என்று போட்டிருந்ததால் கிடைத்த வேலை. அது மதுரையில் இருக்கிற பெரிய டாக்டருக்கு மட்டும் தெரியும், வார்டில் தெரியாது. மடவார் வளாகத்தில் நான் குடியிருக்கிற வீட்டுக்காரம்மா வெங்கடேஸ்வரியிடம் கணக்கெடுக்கிற வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். மூன்று வருஷமாக என்னத்தைத்தான் கணக்கெடுக்கிறாய் என்று அந்த அம்மா கேலி செய்வாள்.

எங்கள் படிவத்தில் அறுபத்து மூன்று கேள்விகள். கொசு கடித்தால் எச்.ஐ.வி. வருமா, சேர்ந்து சாப்பிட்டால் வருமா, ஒரே தட்டைப் புழங்கினால் வருமா என்று இருபது கேள்வி. பிறகு குழந்தையைப் பற்றி. ஒரு சின்ன அறையில் தாயைத் தனியாக உட்காரவைத்து, கதவைச் சாத்திக் கேட்க வேண்டும். சட்டென்று ஒரு மணி நேரம் போய்விடும். எழுதியவர் குளுகுளு அறையில் உட்கார்ந்து எழுதியிருப்பார். கேட்கிறவளுக்குத்தான் தொண்டை வற்றும்.

முப்பத்தேழாவது கேள்வி இது: 'தாயைத் தவிர வேறு யாரேனும் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்தது உண்டா?' வேலையில் சேர்ந்த புதிதில் கான்சாபுரத்துப் பெண் ஒருத்தியிடம் இதைக் கேட்டேன். என் புள்ளைக்குப் பால் குடுக்கக்கூட வக்கில்லாதவளா நான் என்று அவள் பிடித்த பிடியில் வார்டே எட்டிப் பார்த்தது. அன்றோடு அந்தக் கேள்வியைக் கேட்பதை விட்டுவிட்டேன். நானாகவே 'இல்லை' என்று டிக் போட்டுவிட்டு முப்பத்தெட்டுக்குப் போய்விடுவேன். இருநூறு படிவத்துக்கு மேல் அப்படிப் போட்டிருக்கிறேன். ஒருவரும் கேட்கவில்லை.

ஆடி மாதம், மகாராஜபுரத்திலிருந்து கல்பனா என்கிற பெண் தன் ஏழு மாதப் பையனைக் கொண்டுவந்து சேர்த்தாள். தலைப்பிள்ளை. மூச்சு வாங்கி விலா எலும்பெல்லாம் உள்ளே போய்ப் போய் வந்தது. எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் வெள்ளை. ஆக்சிஜன் வைத்தார்கள். கல்பனாவின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள், எச்.ஐ.வி. இல்லை. எங்கள் முறைப்படி தாய்க்கு இல்லையென்றால் குழந்தைக்குப் பார்க்க வேண்டியதில்லை. கல்பனா பன்னிரண்டாம் வகுப்பு படித்தவள். விழிப்புணர்வுக் கேள்வி இருபதுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். சேர்ந்து சாப்பிட்டா எப்படிக்கா வரும் என்று என்னையே திருப்பிக் கேட்டாள். இருபதுக்கு இருபது வாங்கிய முதல் ஆள் அவள்தான். முப்பத்தேழில் வழக்கம்போல 'இல்லை' என்று போட்டேன்.

நாலு நாள் ஊசி போட்டும் பையனுக்கு மூச்சிரைப்பு இறங்கவில்லை. டாக்டர் நவநீதகிருஷ்ணன் மருந்தை மாற்றினார். அதற்கும் அசைவில்லை. நல்ல பையன் அவர், முப்பது வயதுகூட இராது. சாப்பிடப் போகாமல் அந்தக் கட்டிலையே சுற்றிச் சுற்றி வந்தார். கல்பனாவின் மாமியார் வெள்ளத்தாய், தலைமாட்டில் நின்று சாமி பெயரை எல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் மத்தியானம், தூக்குவாளியில் கஞ்சியும் இடுப்பில் ஒரு பெண் குழந்தையுமாக, பையனுடைய அத்தை வந்தாள். நான் பக்கத்துக் கட்டிலில் எழுதிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கினால் எதிரே என் பெஞ்சுக்காரி.

அவளும் என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண்ணைத் திருப்பிக்கொண்டோம். அது பழக்கம். உயிரோடு இருக்கிறாள், இன்னும் அந்த மஞ்சள் பைதான் வைத்திருக்கிறாள் என்று எனக்கு உள்ளே ஒரே நிம்மதி. பேனாவைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே சிரித்தேன்.

"மாரிச்செல்வி, இவனைச் செத்த நேரம் பிடி" என்று வெள்ளத்தாய் பையனைத் தூக்கி அவளிடம் கொடுத்தாள். நாலு வருஷம் கழித்து அப்படித்தான் எனக்கு அவள் பெயர் தெரிந்தது. ஐந்து நாளாக யார் தூக்கினாலும் துவண்டு கிடந்த பையன், அவள் கைக்குப் போனதும் முகத்தைத் திருப்பி அவள் ரவிக்கையில் முட்டினான். ஊசி குத்திய சின்னக் கை அவள் நெஞ்சைத் தடவியது. மாரிச்செல்வி தீயைத் தொட்டவள்போல அவனைக் கல்பனாவிடம் கொடுத்துவிட்டு வெளியே போனாள்.

என் சிரிப்பு நின்றுவிட்டது. படிவத்தில் நான் போட்ட டிக் ஞாபகம் வந்தது.

குழாயடிப் பக்கம் போய் அவளைப் பிடித்தேன். என்னைக் கண்டதும் அவள் பின்வாங்கினாள்.

"நீங்க என்னைய எங்கயும் பாக்கல" என்றாள்.

"அவனுக்கு நீ பால் குடுத்தியா?"

அவள் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளை பெற்ற பத்தாம் நாள் கல்பனாவுக்கு மஞ்சள் காமாலை முற்றி மதுரையில் சேர்த்தார்கள். இரண்டரை மாதம் அவளால் எழுந்து உட்கார முடியவில்லை. பவுடர் பால் பையனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வயிற்றால் போய் வற்றிவிட்டான். மாரிச்செல்வி தன் மகளுக்குப் பாலை நிறுத்தி இருபது நாள்கூட ஆகாத நேரம்.

"எங்கம்மா கொண்டாந்து என் மடியில போட்டா. ஒனக்குத்தான் பால் கெட்டிக் கெடக்கே, குடுட்டின்னா. முடியாதுன்னா என்ன காரணம்னு சொல்லுவேன்?"

"மாத்திரை?"

"அவளும் படுக்கையில, நானும் பஸ் ஏறிப் போனா வீட்ட யாரு பாப்பா? ராசபாளையத்துக்கு என்ன சோலின்னு கேப்பாவ. மாத்திரை இல்லாமத்தான்கா குடுத்தேன். குடுத்தப்புறம் அங்க வர மொகமில்ல. தெரிஞ்சேதான் குடுத்தேன்."

அவள் அழவில்லை. எனக்குத்தான் அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. வெள்ளத்தாய்மேலா? பசித்த பிள்ளையைப் பால் இருக்கிறவள் மடியில் போட்டது எந்த ஊரில் குற்றம்? எங்கள் பக்கத்தில் காலங்காலமாக அப்படித்தான் செய்கிறார்கள். ஏழு மாதமாகப் பக்கத்து இடம் காலியாக இருந்தபோது இவளைத் தேடிப் போகாத என்மேல்தான் கோபப்பட வேண்டும். தேடிப் போக எனக்கு ஒரு பெயர்கூட இல்லாமல் போயிற்று.

டாக்டரிடம் நீயே சொல் என்றேன். சொன்னால் தம்பி வீட்டில் தன் மகளுக்குச் சோறு கிடையாது என்றாள். உன் பெயர் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவள் என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை அப்போதுதான் பார்த்தாள். "பரிபூரணம்" என்று எழுத்துக்கூட்டிப் படித்தாள். நல்ல பேரு என்றாள்.

வாக்கைக் காப்பாற்ற எனக்கு வழி இருந்தது. முப்பத்தேழுக்கு 'ஆம்' என்று வந்தால் போதும். பால் கொடுத்தது யாரென்று படிவம் கேட்காது. குழந்தையின் குதிகாலில் குத்தி, அட்டையில் ஐந்து சொட்டு ரத்தம் எடுத்து அனுப்பிவிடுவார்கள். முதல் நாளே, கதவைச் சாத்திய அறையில் நான் கேட்டிருந்தால் கல்பனா சாதாரணமாகச் சொல்லியிருப்பாள், நானும் எழுதியிருப்பேன். ஐந்து நாள் முன்னாலேயே சரியான மருந்து இறங்கியிருக்கும். யாரும் யாரையும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இப்போது நான் டாக்டரிடம் போய், கேட்காமலே டிக் போட்டுவிட்டேன், இந்தக் குழந்தை வேறொருத்தியிடம் பால் குடித்திருக்கிறது என்றேன். அவர் படிவத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எழுதியதை அடிக்க வேண்டுமானால் தாய் வாயால் சொல்ல வேண்டும், நேரமில்லை, வாங்க என்று நேரே கட்டிலுக்கு நடந்தார். கல்பனாவை மட்டும் தனியே கூப்பிடுங்கள் சார் என்று சொல்லிக்கொண்டே பின்னால் ஓடினேன். பையனின் உதடு நீலம் பாரித்திருந்தது. அவர் காதில் ஒன்றும் ஏறவில்லை. எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

கல்பனா வாயைத் திறப்பதற்குள் வெள்ளத்தாய் முந்திக்கொண்டாள்.

"எம்மக குடுத்தா சார். இந்தா நிக்காள்லா, இவதான். இவ இல்லாட்டி இந்தப் புள்ள அன்னைக்கே போயிருக்கும்."

எவ்வளவு பெருமையாகச் சொன்னாள் தெரியுமா. பக்கத்துக் கட்டில்காரிகள்கூட மாரிச்செல்வியைப் பார்த்து, நல்ல மனசு என்றார்கள். கல்பனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மதினி எனக்கு இன்னொரு தாய் சார் என்றாள்.

டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார்: அப்படியானால் அவர்களுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடலாம் என்று. மாரிச்செல்வி என்னைப் பார்த்தாள். பெஞ்சில் பார்க்கிற மாதிரி நேராகப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எடுக்க வேணாம் சார்" என்றாள். "எனக்கு இருக்கு. புள்ளைக்கு வேகமா மருந்தப் போடுங்க."

எச்.ஐ.வி.யோடு சேர்ந்து வருகிற நிமோனியாவுக்கு என்று தனி மருந்து இருக்கிறது. ரத்த முடிவு வரக் காத்திராமல் அன்று மத்தியானமே ஆரம்பித்தார்கள். நாலாம் நாள் பையன் ஆக்சிஜன் இல்லாமல் மூச்சு விட்டான். பத்தாம் நாள் கையைக் காலை ஆட்டினான். மூன்று வாரம் கழித்து ரத்த முடிவு வந்தது. இருக்கிறது என்றுதான் வந்தது. அவனும் இனி ஆயுசுக்கும் மருந்து தின்ன வேண்டும். தின்றால் நன்றாகவே வளர்வான். கல்பனாவை உட்காரவைத்து அதைச் சொல்லும்போது நானும் கூட இருந்தேன். மாரிச்செல்வி புழங்கிய தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டதாக மட்டும் அவள் சொன்னாள். இருபதுக்கு இருபது வாங்கியவள். தட்டில் வராது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு யோக்கியதை இல்லை. அவள் பிள்ளைக்கு வந்ததில் என் டிக்குக்குப் பங்கில்லை என்றாலும், அவனைச் சாவு வாசல்வரை ஐந்து நாள் நிறுத்திவைத்தது நான்தான்.

மதுரைக்கு விளக்கக் கடிதம் எழுதினேன். இருநூறு படிவத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தத் தாய்மாரை எல்லாம் மறுபடி தேடிப் போய்க் கேட்கச் சொன்னார்கள். இப்போது ஊர் ஊராகப் போய்க் கேட்கிறேன், திட்டும் வாங்குகிறேன். மாரிச்செல்வி வீட்டைவிட்டுப் போய்விட்டாள் என்று வார்டில் பேசிக்கொண்டார்கள். கல்பனாவின் புருஷனான தம்பி சிவபாண்டி போ என்று சொல்லவில்லையாம். யாருமே அவளிடம் எதுவும் சொல்லவில்லையாம். பதினைந்து நாள் ஒருவரும் ஒரு வார்த்தை பேசாத வீட்டிலிருந்து, மகளைத் தூக்கிக்கொண்டு அவளாகவே கிளம்பிவிட்டாளாம்.

போன வாரம் எனக்கு மாத்திரை தேதி. மீட்டிங் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். என் நேரம், வீட்டுக்காரம்மாவும் ராஜபாளையத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன் என்று கூடவே வந்துவிட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறோம். எங்கள் தெருக்காரிகள் இரண்டு பேரும் பூ வாங்கிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார்கள்.

"பரிபூரணம் அக்கா."

கூட்டத்துக்கு அந்தப் பக்கம் மாரிச்செல்வி நின்றாள். இடுப்பில் மகள், தோளில் அந்த மஞ்சள் பை. கையை உயர்த்தி ஆட்டினாள். இன்னும் மெலிந்திருந்தாள், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. அவளுக்கு இனி மறைக்க எதுவும் இல்லை, சட்டமும் இல்லை. உலகத்தில் அவளுக்குப் பெயர் தெரிந்து, கூப்பிட மிச்சமிருந்த ஒரே ஆள் நான். மறுபடியும் சத்தமாகக் கூப்பிட்டாள்.

"ஒன்னையத்தான கூப்பிடுது? யாரு அந்தப் புள்ள?" என்று கேட்டாள் வெங்கடேஸ்வரி.

பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். தெருக்காரிகளும் என்னைப் பார்த்தார்கள்.

"தெரியல. வேற யாரையோ கூப்பிடுது" என்றேன்.

இந்த ஊரில் பரிபூரணம் என்று எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள். மாரிச்செல்வியின் காதில் நான் சொன்னது விழுந்திருக்காது; ஆனால் என் முகத்தைப் பார்த்தாள். உயர்த்திய கையைக் கீழே இறக்கி, அதற்காகவே தூக்கியதுபோல மகளின் தலைமுடியைக் கோதிவிட்டாள். அவளுக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றவில்லை. என் ரகசியத்தை அவள் அந்த இடத்திலும் காப்பாற்றினாள். எனக்கு என்னையே பிடிக்காமல் போயிற்று; இன்றைக்கும் பிடிக்கவில்லை.

பஸ் வந்தது. ஒரே பஸ்தான். அவள் முன்வாசலில் ஏறினாள், நாங்கள் பின்வாசலில் ஏறினோம். வெங்கடேஸ்வரி தங்கச்சி வீட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். நாலு சீட் முன்னால் மாரிச்செல்வி திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் தோள்மேல் முகத்தை வைத்துக்கொண்டு, அந்தப் பெண் குழந்தை மட்டும் என்னையே பார்த்துப் பார்த்துச் சிரித்தது. ராஜபாளையம் வரும்வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.